ஆரஞ்சுக்குள் சர்க்கரை போட்டது யார்?

"அதுக்குள்ள சர்க்கரை இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"இருக்கு சார். ஆனா நான் போடலை."

"நீங்க போடலை. சரி. வீட்டுல வேற யாராவது?"

"யாரும் போடலை சார். அது ஆரஞ்சு. அதுல தானா இருக்கு."

"தானா எதுவும் எங்கயும் இருக்காதும்மா. இந்த நாற்காலிகூட தானா இங்க வந்து உக்காந்துக்கலை. யாரோ கேட்டு, யாரோ ஒத்துக்கிட்டு, யாரோ தூக்கிட்டு வந்து போட்டிருக்காங்க. சொல்லுங்க, யார் போட்டது?"

"மரம் சார்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முதல்முறையாகத் தலைநிமிர்ந்து பார்த்தார். 'மரம்' என்று தட்டினார். திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மரம் எடுக்க மாட்டேங்குது. 'சுயமாக', 'குடும்பத்தினர்', 'உணவகம்', 'பிறர்'. இவ்வளவுதான் கேக்குது."

"அப்ப 'பிறர்'னு போட்டுக்குங்க."

"பிறர்னு போட்டா பிறர் கையெழுத்து போடணுமே."

தண்ணீர் வாரியத்தில் புகார் எடுக்கும் வேலை அவளுக்கு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குழாய் உடைந்தவர்களிடமும் மூன்று நாளாகத் தண்ணீர் வராதவர்களிடமும், "உங்க புகார் பதிவாயிடுச்சு, ஆள் வருவாங்க" என்று சொல்வதற்குத்தான் சம்பளம். பதிவாகிவிட்டது என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு ஊரில் யாருக்கும் தெரியாது. இப்போது தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது, இத்தனை வருடமாகத் தன்னிடம் பேசியவர்களின் மனசு எப்படி வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"பழக்கடைக்காரர்கிட்டயாவது எழுதி வாங்கிட்டு வாங்க," என்றார் தடுப்புக்குப் பின்னால் இருந்த நல அலுவலர், சற்று இரக்கத்தோடு. "நான் எதுவும் சேர்க்கலைன்னு ஒரு வரி. அடுத்தவர் வாங்க."

அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆனாலும் அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் தேநீரை எடுத்தார்.

நலவாழ்வுப் பிரிவு வாரியத்துக்கு வந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். முன்பிருந்த தலைவர் ஒருவர் மாடிப்படியில் தலைசுற்றி விழுந்தார். இனிப்பு அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். தலைவர் குறைத்துக்கொள்ளவில்லை, ஒரு பிரிவை ஆரம்பித்தார். விழுந்தவர் அவர், கண்காணிக்கப்பட்டவர்கள் மற்றவர்கள். ஊழியர்கள் எல்லாருடைய கைபேசியிலும் ஒரு செயலி ஏறியது. வாயில் போடுவது எதுவானாலும் அதில் தெரிவிக்க வேண்டும். சர்க்கரை அளவோடு இருந்தால் பச்சை விளக்கு, கூடினால் மஞ்சள், மீறினால் சிவப்பு. பச்சையாக இருப்பவர்களுக்குத்தான் பதவி உயர்வு, இடமாற்றம், பணிநேர மாற்றம் எல்லாம்.

வாரியம் இதற்கு ஒரே வாரத்தில் பழகிவிட்டது. என்ன சாப்பிட்டாலும் 'தண்ணீர்' என்று பதிவது வழக்கமாயிற்று. கலர் சோடா குடித்தால் தண்ணீர். ஐஸ்கிரீம் உருகினால் தண்ணீர்தானே, எனவே தண்ணீர். புகார் அறையில் அவளுக்கு அடுத்த நாற்காலியில் இருந்த இளைஞன் பிறந்தநாள் கேக்கைக்கூடத் தண்ணீராகப் பதிந்தவன். கேக்கில் மட்டும் தண்ணீர் இல்லையா என்ன என்பது அவன் வாதம். அவனுடைய விளக்கு ஒருநாளும் நிறம் மாறியதில்லை. அதனால் அவனுக்குப் 'பச்சை' என்றே பெயராகிவிட்டது.

அவளும் தண்ணீர் என்றே பதிந்து வந்தாள். மகள்தான் அதைக் கெடுத்தது.

அவளுக்கு மதியம் தொடங்கி இரவு வரை வேலை. மகள் பாலர் வகுப்பு, மதியமே வந்துவிடுவாள். அவள் வருவதற்கும் இவள் கிளம்புவதற்கும் நடுவே சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் குழந்தை தன் ஆரஞ்சை நகத்தால் குத்திக் குத்தி உரித்து, சுளைகளைப் பிரித்து, பாதியை அம்மாவின் டப்பாவில் அடுக்கி வைப்பாள். ஒருநாள் அம்மாவின் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தபோது, செயலியில் ஆரஞ்சுப் படத்தைத் தொட்டால் அது கண்ணடித்துச் சிரிக்கிறது என்று கண்டுபிடித்தாள். தண்ணீர்ப் படம் சிரிக்காது. அன்றிலிருந்து டப்பாவை மூடியதும் ஆரஞ்சைத் தொடுவது குழந்தையின் உரிமையாகிவிட்டது. அவளும் விட்டுவிட்டாள். தான் திரும்பும்போது தூங்கிப்போயிருக்கும் குழந்தைக்கு இவ்வளவாவது கொடுக்க வேண்டாமா?

மகளின் மாலை நேரங்களை அவள் வெளிநாட்டுச் செய்தி போலக் கணவன் வாயிலாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்வாள். அவனுக்கு வீட்டு முன்னறையிலேயே தையல் வேலை. "இன்னிக்கு ஒரு பாட்டு பாடினா," என்பான். "எப்படிப் பாடினா?" என்று கேட்பாள். அவன் பாடிக் காட்டுவான். அவன் பாடி எதுவும் விளங்கியதில்லை.

இந்த மாதக் கடைசியில், புகார் அறையில் காலை வேலை பார்க்கும் 'பகல் அக்கா' ஓய்வு பெறுகிறார். காலை நேரத்து நாற்காலி ஒன்று காலியாகிறது. அது கிடைத்தால் மாலை ஐந்து மணிக்கு வீடு. பாட்டை நேரிலேயே கேட்கலாம். அவள் விண்ணப்பித்தாள். பச்சையும் விண்ணப்பித்தான். அவளுடைய விண்ணப்பம் உள்ளே போன வேகத்திலேயே திரும்பி வந்தது. விளக்கு சிவப்பு. காரணம்: தொடர்ச்சியாக ஆரஞ்சு.

"அக்கா, உங்களை யாரு உண்மையைச் சொல்லச் சொன்னது?" என்றான் பச்சை, உண்மையான வருத்தத்தோடு. "என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? ஆரஞ்சுல முக்கால்வாசி தண்ணிதான். மனசாட்சி உறுத்தினா முக்கால் டம்ளர்னு போட்டிருக்கலாம்."

"இப்ப மாத்த முடியுமா?"

"விசாரணை ஆரம்பிச்சா பழைய பதிவைப் பூட்டிடுவாங்க. இனி நீங்க தண்ணி குடிச்சாக்கூட அது சந்தேகப்படும்."

"உனக்கு எதுக்குடா தம்பி பகல் வேலை? உனக்குக் குழந்தையா குட்டியா?"

அவன் மேலே கையைக் காட்டினான். "அந்த நாற்காலிக்கு நேர் மேலதான் ஏசிக்கா."

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அவள் பழக்கடையில் நின்றாள். கடைக்காரர் ஆரஞ்சுகளைத் துணியால் துடைத்துக் கோபுரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த பழம் அப்படியே நின்றது.

"நான் பழத்துல சர்க்கரை கலக்கறேன்னு எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லலைங்க. கலக்கலைன்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும்."

"நல்லா இருக்கே! இன்னிக்கு கலக்கலைன்னு எழுதி வாங்கிட்டுப் போவீங்க. நாளைக்குப் புளிச்ச பழம் ஒண்ணைத் தூக்கிட்டு வந்து, 'நீதானே சர்க்கரை போடலைன்னு எழுதிக் குடுத்த'ன்னு சண்டைக்கு நிப்பீங்க. வேணும்னா திராட்சை வாங்குங்க. அதைப் பத்தி இதுவரைக்கும் யாரும் வந்து கேக்கலை."

சான்று இல்லாததால் விவகாரம் மேலே போனது. வாரியத்தில் தீராதவை எல்லாம் மேலேதான் போகும், தண்ணீரைத் தவிர.

மேலே என்றால் மேல்தளத்து நீள்மேசை. அதன் தலைப்பக்கம் நலவாழ்வு இயக்குநர்; ஊழியர்கள் அவரைப் 'பெரிய ஆரோக்கியம்' என்பார்கள். அவருக்குப் பக்கத்தில் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதே நல அலுவலர். அவர் 'சின்ன ஆரோக்கியம்'. மறுபக்கம், மருத்துவமனை ஒன்றிலிருந்து வாரம் ஒருமுறை வந்துபோகும் உணவியல் ஆலோசகர். ஏழு ஊர்த் தூக்கத்தைக் கண்ணில் வைத்திருந்த அந்த அம்மாள் கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடத் தயாராக.

மேசை நடுவில் ஒரு தட்டு நிறைய கிரீம் பிஸ்கட். காபியில் ஸ்பூன் நட்டுக்கொண்டு நிற்கும் போலிருந்தது, அவ்வளவு சர்க்கரை. அவள் தட்டையே பார்ப்பதைப் பெரிய ஆரோக்கியம் கவனித்துவிட்டார்.

"இதைத் தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இதைச் சாப்பிடறது குழு. தனிநபர் யாரும் இந்த அறையில எதையும் சாப்பிடறதில்லை." சொல்லிவிட்டு, குழுவின் விரலில் ஒட்டியிருந்த கிரீமை நக்கிக்கொண்டார்.

பிறகு தொண்டையைச் செருமினார். பேசும்போது அவர் யாரையும் பார்ப்பதில்லை. எதிர்ச்சுவரில் தன் படம் மாட்டப்போகும் இடத்தைப் பார்த்துத்தான் பேசுவார்.

"இந்தப் பிரிவு வந்தப்ப எத்தனை பேர் கேலி பண்ணாங்க! இன்னிக்கு நிலைமை என்ன? நம்ம பதிவுகளைப் பாருங்க. இந்த வாரியத்துல ஒருத்தர்கூட இனிப்பு சாப்பிடறதில்லை. சொல்லப்போனா ஒருத்தர்கூட எதுவுமே சாப்பிடறதில்லை. எல்லாரும் தண்ணி மட்டும் குடிச்சு உயிரோட இருக்காங்க. ஒரு தண்ணீர் வாரியத்துக்கு இதைவிடப் பெருமை வேற என்ன வேணும்? நாங்க யாரையும் சாப்பிடாதேன்னு சொல்றதில்லை. சாப்பிட்டதைச் சொல்லுங்கன்னுதான் சொல்றோம். சொன்னவங்க மேல நடவடிக்கை எடுக்கறோம். சொல்லாதவங்க மேல எடுக்க முடியாது. ஏன்னா, அவங்கதான் சொல்லலையே. இவ்வளவு நேர்மையான ஏற்பாடு வேற எங்க இருக்கு?"

சின்ன ஆரோக்கியம் தலையாட்டினார்.

"இப்ப இந்த அம்மா சொல்றாங்க, பழத்துல இருக்கறது இயற்கைச் சர்க்கரை, அதைக் கணக்குல சேர்க்கக்கூடாதுன்னு. இயற்கைன்னா சரியாப் போச்சா? பாம்போட விஷம்கூட இயற்கைதான். ஆலோசகர் சொல்லுங்க, சேருமா, சேராதா?"

ஆலோசகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேள்வி எளிது, பதிலும் எளிது, சீக்கிரம் கிளம்பிவிடலாம் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் ஒரு கணம் வந்துபோனது.

"முழுப் பழம்னா கவலைப்பட ஒண்ணுமில்லைங்க. பழத்துல நார் இருக்கு, தண்ணி இருக்கு. சர்க்கரை மெதுவாத்தான் உடம்புல ஏறும். நாம எடுத்துப் போடற சர்க்கரை மாதிரி இதை எண்ண வேண்டாம். இவங்களுக்கு நோய் எதுவும் இல்லைன்னு ரிப்போர்ட் இருக்கு. அரை ஆரஞ்சுக்கு ஒரு கூட்டமே தேவையில்லை. பிழிஞ்சு ஜூஸா குடிச்சா, அதுதான் வேற விஷயம்."

கடைசி வாக்கியத்தை அவர் விழுங்கியிருக்கலாம். அவளுக்கு அது அறையில் விழுந்த சத்தமே கேட்டது.

"வேற விஷயம்," என்றார் பெரிய ஆரோக்கியம், மெல்ல முன்னால் சாய்ந்து. "எப்ப வேற விஷயமாகுது?"

"பிழியும்போது."

"யார் பிழிஞ்சா?"

"யாராவது. மெஷின்ல, இல்ல கையில."

"பல்லால?"

ஆலோசகர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல? இந்த அம்மா சுளையை வாயில போடறாங்க. அப்ப அது பழம். ஒத்துக்கறேன். மெல்லறாங்க. மெல்லறதுன்னா என்ன? பிழியறதுதானே? பிழிஞ்சா ஜூஸ்தானே? அப்ப விழுங்கும்போது உள்ள போறது பழமா, ஜூஸா?"

"சார், அப்படிப் பார்த்தா உலகத்துல யாருமே பழம் சாப்பிட முடியாது."

"அதைத்தான் நான் முதல்லேர்ந்து சொல்றேன்," என்றார் அவர் வெற்றியோடு. சின்ன ஆரோக்கியம் இன்னொரு பிஸ்கட்டைக் குழுவுக்காக எடுத்துக்கொண்டார்.

கடைசியில் இப்படி முடிவாயிற்று. வாய்க்குள் பழம் ஜூஸாக மாறும் நொடி ஒன்று இருக்க வேண்டும். அந்த நொடிக்கு முன்பே விழுங்குகிறவருக்குச் சர்க்கரை இயற்கையானது. அதற்குப் பிறகும் மெல்லுகிறவர் சர்க்கரையைத் தானே தயாரித்துக்கொள்கிறவர். இந்த அம்மாள் எந்த வகை என்று சோதித்து அறிய வேண்டும். இதில் ஒரு சிக்கல். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தண்ணீர் எப்போது ஓடத் தொடங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"நம்மகிட்டதான் கசிவுப் பிரிவு இருக்கே!" என்றார் பெரிய ஆரோக்கியம். தன் அறிவு தனக்கே புல்லரித்ததில் அவர் முன்கையைத் தடவிக்கொண்டார்.

"நான் கிளம்பலாமா?" என்றார் ஆலோசகர். அது ஒப்புதலாகப் பதிவாயிற்று.

மறுநாள் மதியம் குழந்தை டப்பாவை மூடிவிட்டுக் கைபேசிக்குக் கையை நீட்டியபோது அவள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே ஆரஞ்சைத் தொட வேணாம்டி தங்கம்."

"ஏன்?"

"அது சிரிச்சா ஆபீஸ்ல திட்டறாங்க."

குழந்தைக்கு அது நியாயமாகப் படவில்லை. முன்னறையில் தையல் மெஷின் நின்றது. வாயில் குண்டூசியைக் கவ்வியபடியே கணவன் குரல் கொடுத்தான். "அதுல சர்க்கரை இருக்காம்டா. அதனாலதான் உங்கம்மாவை சாயங்காலம் வீட்டுக்கு விட மாட்டேங்கறாங்களாம்."

"என்னங்க, குழந்தைகிட்ட போய் இதெல்லாம்..."

"நான் என்ன பொய்யா சொல்றேன்? மூணு நாளா ராத்திரி வந்து இதைத்தானே நீ என்கிட்ட புலம்பற? எனக்கே புரியலை. அவளுக்காவது புரியுதான்னு பாப்போம்."

குழந்தை டப்பாவைத் திறந்து சுளைகளை உற்றுப் பார்த்தாள், நம்பிப் பழகிய ஒருவன் திருடன் என்று தெரிந்ததும் பார்க்கிற மாதிரி.

"எடுத்துடலாமா?"

"எதை?" என்றாள் அம்மா.

"சர்க்கரையை."

"எடுக்க முடியாதுடா. உள்ளயே கலந்திருக்கு."

வீட்டில் எது அழுக்கானாலும் என்ன செய்வார்கள் என்று குழந்தைக்குத் தெரியும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கசிவுப் பிரிவில் ஆட்கள் என்று இருந்தது ஒரே ஒருவர்தான். மற்ற இடங்கள் நிரப்பப்படாமல் கிடந்தன. எல்லாரும் அவரைக் 'கசிவு அண்ணன்' என்பார்கள். ஆளுயர இரும்புக் கம்பி ஒன்றின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, மண்ணுக்குள் எங்கே குழாய் ஒழுகுகிறது என்று கேட்டுச் சொல்வது அவர் வேலை. சோதனைக்காக அவரை மூன்று நாள் நலவாழ்வுப் பிரிவுக்கு மாற்றி உத்தரவாயிற்று. அந்த மூன்று நாளும் ஊரில் ஒழுகிய குழாய்கள் எல்லாம் கேட்பாரில்லாமல் ஒழுகின. அவற்றைப் பற்றிய புகார்களை அவள்தான் எடுத்தாள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தினமும் அழைப்பார்.

"அம்மா, வாசல்ல முழங்கால் அளவு தண்ணி. செருப்பு மிதக்குது. நேத்தே ஆள் வருவாங்கன்னு சொன்னியே?"

"பதிவாயிருக்கு ஐயா. ஆள்..." என்று தொடங்கி நிறுத்திக்கொள்வாள். வர வேண்டிய ஆள் மேல்தளத்தில் உட்கார்ந்து, மற்ற ஊழியர்கள் பழம் மெல்லும் சத்தத்தைக் கேட்டுப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

"வருவாங்க ஐயா."

"நீ சொன்னா சரிம்மா," என்று அவர் வைத்துவிடுவார். திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கும் அவளுக்கு.

சோதனை மாதத்தின் கடைசி நாளில் வந்து விழுந்தது. அன்று தவறினால் நாற்காலி பச்சைக்கு. பணிநேரத்தில் புகார் எடுப்பவர் இருக்கையை விட்டு எழக் கூடாது என்பது ஒரு விதி. சோதனையைத் தள்ளிவைக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. எனவே சோதனையே அவள் இருக்கைக்கு வந்தது. வெளியே விளக்குகள் எரியத் தொடங்கும் நேரம். புகார் அறையில் ஜன்னல் கிடையாது. தேநீர்க் கோப்பைகள் திரும்பிவரும் சத்தத்தை வைத்துத்தான் பொழுது சாய்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாற்காலிகளின் ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரிந்தது. ஹெட்போன்களின் காதுத் தலையணைகள் பல வருடத்து வியர்வையில் கறுத்துக் கிடந்தன. அந்த அறைக்குள் பெரிய ஆரோக்கியம் நுழைந்தபோது அங்கிருந்தவர்கள் எழுந்திருக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார்கள்.

சின்ன ஆரோக்கியம் விதிகளைப் படித்தார். சுளை வாய்க்குள் போனதிலிருந்து கசிவு அண்ணன் கையை உயர்த்தும்வரை வாயை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது. பேசினால், இருமினால், சிரித்தால் சோதனை செல்லாது. அடுத்த சோதனை அடுத்த மாதம்.

"சார், நடுவுல அழைப்பு வந்தா?" என்று கேட்டாள்.

"எடுக்கணும். எடுக்காம விட்டா அதுக்குத் தனி நடவடிக்கை."

"எடுத்தா பேசணுமே சார்."

"பேசக்கூடாது."

"எடுத்துட்டுப் பேசாம இருந்தா?"

பெரிய ஆரோக்கியம் யோசித்தார். "பேசாம இருந்தா என்ன? இத்தனை நாளா பேசி என்னத்தைத் தீர்த்து வெச்சீங்க?" என்றார். அவர் வாரியத்தைப் பற்றி உண்மையாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். அவருக்கே அது தெரியவில்லை.

கசிவு அண்ணன் கம்பியின் முனையைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். ஒருமுறை துடைத்தது போதாதென்று மறுபடியும் துடைத்தார். அவர் சட்டைக் கைகளில் இன்னும் தெருச்சேறு காய்ந்திருந்தது.

"தங்கச்சி, தப்பா நினைச்சுக்காதே. எனக்குக் குழாய்தான் தெரியும்."

"பரவாயில்லைண்ணா."

"ரெண்டு கடி கடிச்சுட்டு முழுங்கிடு. நான் ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லிடறேன். நீயும் வீட்டுக்குப் போ, நானும் தெருவுக்குப் போறேன். ஒரு வாத்தியார் வீட்டு வாசல் ஏரியா நிக்குதாம்."

அவளுக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டாள். அழுவதும் வாயைப் பயன்படுத்துவதில் சேருமா என்று யாரும் சொல்லவில்லை.

டப்பாவைத் திறந்தாள். இன்றைய சுளைகள் என்னவோ போலிருந்தன. வெளிறி, நைந்து, தோல் உரிந்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. குழந்தை உரிக்கும்போது அழுத்திவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தாள். ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். கம்பி கன்னத்தில் வந்து சில்லென்று பதிந்தது. மறுமுனையில் கசிவு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய ஆரோக்கியம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பச்சை தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, என்ன இருந்தாலும் அக்காதானே என்பதுபோல வேறு பக்கம் பார்த்தான்.

முதல் கடி. சுளையில் இனிப்பே இல்லை. புளிப்பும் இல்லை. ஊறிப்போன காகிதத்தைக் கடித்தது போலிருந்தது.

காதில் 'டிங்' என்றது. ஹெட்போன் தானாகவே அழைப்பை எடுத்துக்கொண்டது. பதிவுசெய்யப்பட்ட குரல் எப்போதும்போல ஆரம்பித்தது. "வணக்கம். தண்ணீர் வாரியம். உங்கள் புகாரைச் சொல்லலாம்."

அழைப்பின் பின்னணியில் எங்கோ தையல் மெஷின் ஓடும் சத்தம். அவளுக்கு உடம்பெல்லாம் காதாயிற்று. கைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் அவசரத்துக்குத் தன் இருக்கைக்கே வரும் இந்த எண்ணைத்தான் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள். குழந்தை அதைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தாள்.

"அம்மாவா?"

கம்பி கன்னத்தை அழுத்தியது. "அசையாதீங்க," என்றார் சின்ன ஆரோக்கியம்.

"அம்மா, அப்பாவுக்குத் தெரியாது. ரகசியம். நான் இன்னிக்கு உன் ஆரஞ்சைக் கழுவிட்டேன். ஒவ்வொரு சுளையா. குழாய்ல நிறைய தண்ணி விட்டு, தேச்சு தேச்சுக் கழுவினேன். நக்கிப் பாத்தேன். சுத்தமா இனிக்கவே இல்லை. சர்க்கரை எல்லாம் போயிடுச்சும்மா."

அவள் வாய்க்குள் சுளை அப்படியே இருந்தது. மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கசிவு அண்ணன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கம்பி வழியாக அவருக்கு எது கேட்டதோ, கையை உயர்த்தப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பெரிய ஆரோக்கியம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அம்மா, கேக்குதா? இப்ப அதுல ஒண்ணுமே இல்லை. அவங்ககிட்ட சொல்லிட்டு, இன்னிக்கு நான் தூங்கறதுக்குள்ள வந்துடறியா?"